செய்தியாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

1971ஆம் ஆண்டில் இரு நாடுகளில், அரசின் இரகசிய ஆவணங்கள் செய்தியாளர்களின் கைக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் வியட்நாம் போர் குறித்துப் பாதுகாப்புத்துறை தன் பயன்பாட்டிற்காகத் தொகுத்து வைத்திருந்த ஏறத்தாழ 7000 பக்க வரலாறு, அத்தொகுப்பில் பங்காற்றிய டேனியல் எல்ஸ்பெர்க் என்பவர் வழியாக 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழை அடைந்தது. ஜூன் 13ஆம் நாள் அதன் முதற்பகுதி வெளியானது. போரின் நிலையைப் பற்றி அடுத்தடுத்து வந்த ஆட்சிகள் மக்களிடம் ஒன்றைக் கூறி, தமக்குள் வேறொன்றை அறிந்திருந்தன என்பது அப்பக்கங்களால் தெரியவந்தது. அரசு நீதிமன்றத்தை நாடி வெளியீட்டிற்குத் தற்காலிகத் தடை பெற்றது. எனினும் ஜூன் 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து தீர்ப்பளித்து, அத்தடையை நீக்கியது.

அதே ஆண்டில் ஜப்பானில் 'மைனிச்சி' நாளிதழின் செய்தியாளர் நிஷியாமா தக்கிச்சி, வெளியுறவு அமைச்சகத்தின் இரகசியத் தந்திகளைப் பெற்றார். அமெரிக்கப் படைகளின் பிடியிலிருந்த ஓகினாவா தீவினை ஜப்பானிடம் திருப்பி அளிக்கும் உடன்பாட்டில், அமெரிக்கா ஏற்க வேண்டிய 40 இலட்சம் டாலர் செலவை ஜப்பானே மறைவாக ஏற்றுக்கொண்டது என்பதை அவை காட்டின. நிஷியாமா ஆவணங்களை அப்படியே வெளியிடவில்லை. குறிப்பாக உணர்த்தி எழுதினார். பின்னர் அவை நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சி உறுப்பினர் கைக்குச் சென்றன. 1972இல் நிஷியாமா கைது செய்யப்பட்டார். அவருக்கு ஆவணங்களைக் கொடுத்த அமைச்சகப் பெண் ஊழியரும் கைதானார். அவ்விருவருக்கும் இடையிலான நட்பைப் பற்றியே நாடு பேசியது. 40 இலட்சம் டாலரைப் பற்றிய பேச்சு அடங்கிப்போனது. 1978இல் ஜப்பானிய உச்சநீதிமன்றம் நிஷியாமாவின் தண்டனையை உறுதி செய்தது. மறைவான அந்த ஏற்பாடு உண்மையே என்பதைக் காட்டும் ஆவணங்கள் அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் வெளிப்பட்டபோது ஆண்டு 2000 ஆகியிருந்தது.

இருவர் கைக்கும் வந்தவை அரசு மறைத்த உண்மைகளே. ஆயினும் ஒரு நாட்டில் இதழ் வென்றது. மற்றொரு நாட்டில் செய்தியாளர் தம் தொழிலையே இழந்தார். இவ்வேறுபாட்டை அவ்விருவரின் துணிவைக்கொண்டு அளக்க இயலாது. செய்தியாளர் என்னும் சொல் எல்லா நாடுகளிலும் வழங்கினாலும் அச்சொல் சுட்டும் பணி எல்லா இடத்திலும் ஒன்றன்று. நாட்டின் சட்டம், இதழை நடத்தும் பணம், தொழிலுக்குள் நுழையும் வாயில், அதிகாரத்தோடு உள்ள நெருக்கம் ஆகியவை சேர்ந்து அப்பணியை வரையறுக்கின்றன.

இதனை ஆராய்ந்த அறிஞர்கள் பலர். 1956இல் அமெரிக்க அறிஞர் மூவர், உலக இதழ்களை நான்கு கோட்பாடுகளுக்குள் அடக்கிக் காட்டினர். பனிப்போர்க் காலத்தின் நிழல் அப்பகுப்பில் மிகுதியாகவே விழுந்திருந்தது. 2004இல் ஹாலின், மன்சினி ஆகிய இருவர் மேலை நாடுகள் பதினெட்டை ஒப்பிட்டு, கட்சிச் சார்பு மிகுந்த தென்னைரோப்பிய முறை, தொழில் அமைப்புகள் வலுவாக உள்ள வடவைரோப்பிய முறை, சந்தையை நம்பிய அமெரிக்க, பிரிட்டன் முறை என மூன்றாக வகுத்தனர். அதன்பின் 67 நாடுகளில் 27,500க்கும் மேற்பட்ட செய்தியாளர்களிடம் வினாக்கள் கேட்டு ஒரு பெரும் பன்னாட்டு ஆய்வு நடைபெற்றது. நடந்ததை நடந்தவாறே உரைப்பது தம் கடமை என்பதில் பெரும்பாலான நாட்டினர் ஒன்றுபட்டனர். ஆட்சியாளரைக் கண்காணிப்பதும், அரசின் கொள்கைக்குத் துணைநிற்பதும் தம் கடமைகளா என்னும் வினாக்களில்தான் நாட்டுக்கு நாடு விடைகள் விலகின. ஒருவர் தம் பணியாகக் கருதுவதற்கும் அவர் நாள்தோறும் உண்மையில் செய்வதற்கும் இடையே இடைவெளி உண்டு என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். வினாத்தாளில் தம்மைக் காவலர் எனக் குறிப்பவர், மறுநாள் அமைச்சரின் அறிக்கையை எழுத்து மாறாமல் அச்சிடக்கூடும்.

சட்டம் தரும் கவசம்

சட்டம் செய்தியாளரின் பணியை எவ்வளவு ஆழமாக வடிவமைக்கும் என்பதற்குச் சுவீடனைவிடச் சிறந்த சான்று இல்லை. 1766ஆம் ஆண்டிலேயே அங்கு அச்சுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அன்று சுவீடனின் பகுதியாக இருந்த பின்லாந்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் சிடேனியஸ் என்னும் சமயகுருவே அதற்காக முன்னின்று வாதிட்டவர். சில ஆண்டுகளிலேயே மன்னர் மூன்றாம் குஸ்தாவ் அவ்வுரிமையைச் சுருக்கிவிட்டார். எனினும் அடுத்த நூற்றாண்டில் அது மீண்டும் வேரூன்றியது. இன்று நடைமுறையில் உள்ள 1949ஆம் ஆண்டின் அச்சுரிமைச் சட்டம், அந்நாட்டு அரசியலமைப்பின் நான்கு அடிப்படைச் சட்டங்களுள் ஒன்றாகும்.

அச்சட்டப்படி, அரசு அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைக் காண விரும்பும் எவரும் தம் பெயரையோ காரணத்தையோ கூறவேண்டியதில்லை. இரகசியம் என்று சட்டம் குறிப்பிட்டவை மட்டுமே விலக்கு. அதனினும் வியப்பானது, செய்தி தருபவருக்கு அளிக்கப்படும் பாதுகாப்பு. தம் பெயரை வெளியிட வேண்டா என்று ஒருவர் கேட்டுக்கொண்டால், அப்பெயரைக் காப்பது செய்தியாளரின் நல்லெண்ணத்தைச் சார்ந்ததன்று, சட்டக் கடமை. பெயரை வெளியிட்ட செய்தியாளர் தண்டனைக்கு உள்ளாவார். அரசு அலுவலர் ஒருவர் இதழுக்குச் செய்தி அளித்தால், அவர் யாரென்று மேலதிகாரி விசாரிப்பதும் குற்றமே. நாட்டுத் துரோகம், உளவு போன்ற சில கொடுங்குற்றங்களுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. மேலும், ஒவ்வோர் இதழுக்கும் 'பொறுப்பு வெளியீட்டாளர்' ஒருவர் பதிவு செய்யப்படுகிறார். அச்சான சொல்லுக்காக வழக்கு வந்தால் அவர் ஒருவரே குற்றம் சாட்டப்படுவார். எழுதிய செய்தியாளர்மீது வழக்குப் பாயாது. இந்தச் சூழலில் பணியாற்றும் செய்தியாளர், அலுவலகத்தின் கடைநிலை ஊழியரிடமும் அச்சமின்றிப் பேசவைக்க முடிகிறது.

அமெரிக்காவின் நிலை இதற்கு நேர்மாறான ஒரு விந்தையைக் கொண்டது. 1791ஆம் ஆண்டின் முதல் அரசியலமைப்புத் திருத்தம், இதழ்களின் உரிமையைக் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்கிறது. அதனால் வெளியிடும் உரிமை அங்கு மிக வலுவானது. ஆனால் செய்தி தந்தவரின் பெயரைக் காக்கும் உரிமை வலுவற்றது. குற்ற விசாரணைக் குழுவின் முன் சான்றளிக்க அழைக்கப்பட்டால் செய்தியாளருக்கு விலக்கு இல்லை என 1972இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் பலவற்றில் பாதுகாப்புச் சட்டங்கள் உண்டு. நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. 2005இல் 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர் ஜூடித் மில்லர், தமக்குச் செய்தி தந்தவர் யாரெனக் கூற மறுத்து 85 நாள்கள் சிறையில் இருந்தார். பெயரைச் சொன்னால் சுவீடனில் தண்டனை. சொல்லாவிட்டால் அமெரிக்காவில் சிறை.

வாயிலும் அட்டையும்

ஒருவர் எப்போது செய்தியாளர் ஆகிறார் என்பதிலும் நாடுகள் வேறுபடுகின்றன. இத்தாலியில் 1963ஆம் ஆண்டுச் சட்டம் செய்தியாளர்களுக்கென ஒரு தொழில்முறை மன்றத்தை ஏற்படுத்தியது. முழுநேரச் செய்தியாளராகப் பதிவு பெறப் பதினெட்டுத் திங்கள் பயிற்சியும் அரசுத் தேர்வும் வேண்டும். வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் உள்ள முறை அங்குச் செய்தியாளருக்கும் உண்டு. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அத்தகைய உரிமம் ஏதுமில்லை. பேச்சுரிமை உள்ள எவரும் எழுதலாம் என்பதே இந்நாடுகளின் நிலைப்பாடு. கோஸ்டா ரிகா நாட்டின் கட்டாயப் பதிவுமுறை குறித்து 1985இல் கருத்துரைத்த அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றமும், கருத்துரிமைக்கு அது முரணானது என்றே கூறியது. உரிமம் தரத்தைக் காக்கும் என்பது உண்மையாகலாம். உரிமத்தைத் தரும் கை அதனைப் பறிக்கவும் வல்லது என்பதை மறத்தல் ஆகாது.

மன்ற அறைகளுக்குள் ஜப்பான்

நிஷியாமா தனித்து விடப்பட்டதன் காரணத்தை அறிய, ஜப்பானிய செய்தியாளர் மன்றங்களைப் பற்றி அறிய வேண்டும். 1890இல் நாடாளுமன்ற நிகழ்ச்சிகளைக் காண இசைவு பெறுவதற்காகச் செய்தியாளர்கள் ஒன்றுகூடி அமைத்த குழுவே இம்மன்றங்களின் தொடக்கம். உரிமை கேட்கப் பிறந்த அமைப்பு, காலப்போக்கில் உரிமையைத் தமக்குள் பூட்டிவைக்கும் அமைப்பாக மாறியது ஒரு முரண். அமைச்சகங்கள், காவல்துறைத் தலைமையகங்கள், கட்சி அலுவலகங்கள் ஆகியவற்றிலெல்லாம் மன்றத்திற்கு ஓர் அறை உண்டு. பெரிய நாளிதழ்கள், ஒளிபரப்பு நிறுவனங்கள் ஆகியவற்றின் செய்தியாளர்கள் அங்கேயே நாளெல்லாம் அமர்ந்திருப்பர். அறிவிப்புகளும் விளக்கங்களும் அவர்களுக்கே முதலில் கிடைக்கும். வார, மாத இதழ்களைச் சார்ந்தோரும் வெளிநாட்டினரும் நெடுங்காலம் வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர்.

இரவில் அதிகாரிகளின் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் அலுவலகத்தில் கூறாததைக் கேட்டறிவதும் ஜப்பானியச் செய்தியாளரின் வழக்கம். விடியற்காலையிலும் இவ்வாறு செல்வதுண்டு. இதனால் அவர் அறிவது மிகுதி. அச்சில் வருவதோ குறைவு. நெருக்கத்தின் விலை அமைதி.

1974இல் இது வெளிப்படையாயிற்று. தலைமை அமைச்சர் தனக்கா கக்குவேயின் செல்வம் எவ்வாறு திரண்டது என்பதை ஆராய்ந்து, தச்சிபனா தகாஷி என்னும் எழுத்தாளர் 'புங்கேய் ஷுன்ஜு' என்னும் மாத இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அவர் எந்த மன்றத்தையும் சார்ந்தவரல்லர். நிலப் பதிவேடுகளையும் நிறுவனப் பதிவுகளையும் தேடித் திரட்டியே அதனை எழுதினார். தலைமை அமைச்சரோடு நாள்தோறும் பழகிய நாளிதழ்ச் செய்தியாளர்கள் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றத்தின் விருந்துக் கூட்டத்தில் தனக்காவிடம் அதுகுறித்து அடுக்கடுக்காக வினாக்கள் எழுந்த பின்னரே நாளிதழ்கள் அச்செய்தியை எடுத்துக்கொண்டன. அவ்வாண்டு முடிவதற்குள் தனக்கா பதவி விலகினார். ஒரே நாட்டுக்குள்ளேயே நாளிதழ்ச் செய்தியாளரின் பணி ஒன்றாகவும் மாத இதழ் எழுத்தாளரின் பணி வேறாகவும் இருந்தமை இதனால் விளங்கும்.

பிரிட்டனிலும் இத்தகைய உள்வேறுபாடு உண்டு. அங்கு நாளிதழ்கள் தேர்தலில் எக்கட்சியை ஆதரிக்கின்றன என்பதை வெளிப்படையாகவே எழுதும். ஆனால் 1927 முதல் அரச பட்டயத்தின்கீழ் இயங்கி, மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தால் நடைபெறும் பி.பி.சி.யும் பிற ஒளிபரப்பாளர்களும் நடுநிலை காக்கக் கடமைப்பட்டவர்கள். நாளிதழிலிருந்து வானொலிக்கு மாறும் ஒருவர், தம் சார்பினை வாயிலிலேயே இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.

இருவகை வாசகர்க்கு எழுதுதல்

சீனாவில் இதழ்கள் ஆளும் பொதுவுடைமைக் கட்சியின் குரலாக இருத்தல் வேண்டும் என்பது வெளிப்படையான கொள்கை. செய்தியாளர் அட்டையை அரசே வழங்குகிறது. 1931இல் தொடங்கிய 'சின்ஹுவா' செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் இருவகைச் செய்திகளை எழுதுகின்றனர். ஒன்று பொதுமக்களுக்கானது. மற்றொன்று 'உள்நோக்கிற்கு' எனப்படும் அறிக்கை. இது அச்சில் வராது. விளைச்சல் பொய்த்தது, அலுவலர் கையூட்டுப் பெற்றது, மக்கள் கொதிப்படைந்தது முதலியவற்றைத் தலைவர்களுக்கு மட்டும் தெரிவிப்பது. இச்செய்தியாளருக்கு உண்மையைத் தேடும் திறன் இல்லை என்று கூறிவிட முடியாது. தேடிய உண்மை யாரிடம் சென்று சேர வேண்டும் என்பதே அங்கு வேறுபடுகிறது.

அம்முறைக்குள்ளும் சிலர் எல்லையைத் தொட்டுப் பார்த்ததுண்டு. 2003இல் குவாங்சோ நகரில் அடையாள ஆவணம் கையில் இல்லை என்பதற்காகப் பிடித்துச் செல்லப்பட்ட வெளியூர் இளைஞர் ஒருவர், காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். 'தென்பெருநகர நாளிதழ்' அதனை விசாரித்து வெளியிட்டது. சில திங்களில், வெளியூர்த் தொழிலாளரைப் பிடித்து அடைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் விதியையே நடுவண் அரசு கைவிட்டது.

வளர்ச்சியின் பெயரால்

புதிதாக விடுதலை பெற்ற ஆசிய நாடுகளில் 1960களில் 'வளர்ச்சி இதழியல்' என்னும் கருத்து தோன்றியது. வறுமை, கல்லாமை, நோய் ஆகியவற்றோடு போராடும் நாட்டில், செய்தியாளர் குறைகாண்பவராக மட்டும் நின்றால் போதுமா என்பது அதன் வினா. இவ்வினாவிற்கு இரு வேறு விடைகள் கிடைத்தன.

சிங்கப்பூரின் தலைமை அமைச்சர் லீ குவான் யூ 1971இல் ஹெல்சிங்கியில் பன்னாட்டு இதழாசிரியர்கள் முன் உரையாற்றியபோது, நாட்டின் ஒருமைப்பாடும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் நோக்கமுமே முதன்மை. இதழுரிமை அவற்றுக்கு அடங்கியது என்னும் கருத்தை முன்வைத்தார். 1974ஆம் ஆண்டுச் சட்டம், நாளிதழ் நிறுவனங்களில் மிகுந்த வாக்குரிமை கொண்ட நிர்வாகப் பங்குகளை ஏற்படுத்தி, அவற்றை அரசின் இசைவு பெற்றவர்களே வைத்திருக்க வழிசெய்தது. அங்குச் செய்தியாளர், நாட்டைக் கட்டும் பணியில் அரசின் துணைவர். பல இனத்தார் நெருங்கி வாழும் சிறிய நாட்டில் கலவரத்தைத் தூண்டும் சொல்லுக்கு இடமளிக்கக் கூடாது என்னும் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் எச்சொல் கலவரத்தைத் தூண்டும் என்பதை அரசே முடிவு செய்யும்போது, அரசைப் பற்றிய சொல்லும் அப்பட்டியலில் சேர்ந்துவிடும் இடர் உண்டு.

மற்றொரு விடை இந்தியாவில் பிறந்தது. 'இந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியர் பி.ஜி. வர்கீஸ் 1969இல், தில்லிக்கு அருகிலுள்ள சாத்தேரா என்னும் சிற்றூரைத் தேர்ந்து, அவ்வூரின் வாழ்க்கையைத் தொடர்ந்து எழுதச் செய்தார். கடன், பயிர், பள்ளி, சாலை எனத் தலைநகர நாளிதழில் அதுவரை இடம்பெறாதவை செய்தியாயின. இதழில் பெயர் வந்தபின் அலுவலர்களும் வங்கியாளரும் அவ்வூரை நாடி வந்தனர். வளர்ச்சியைப் பற்றி எழுதுவது அரசைப் புகழ்வதாகாது என்பதற்கு வர்கீஸின் வாழ்வே சான்று. அரசின் கொள்கைகளையும் துணிந்து விமர்சித்த அவர், 1975இல் ஆசிரியர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

இந்தியச் செய்தியாளர்

தமிழ் இதழியல் வரலாற்றிலும், எல்லைக்கோடு ஒன்று செய்தியாளரின் நிலையை மாற்றிய நிகழ்ச்சி உண்டு. பாரதியார் ஆசிரியப் பணியாற்றிய 'இந்தியா' வார இதழ் சென்னையில் வெளிவந்தபோது, 1908இல் அரசின் அடக்குமுறைக்கு ஆளானது. வெளியீட்டாளராகப் பதிவு செய்யப்பட்டிருந்தவர் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார்; இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. எழுத்தும் எழுதியவரும் மாறவில்லை. ஆட்சி எல்லை மாறியது. பின்னர்ப் பிரிட்டிஷ் இந்தியாவிற்குள் அவ்விதழ் நுழைவதற்கே தடை விதிக்கப்பட்டது. சுவீடனில் எழுதுபவரைக் காக்கும் 'பொறுப்பு வெளியீட்டாளர்' முறையைப் போன்ற ஒன்று, அயலார் ஆட்சியில் யாரைப் பிடிப்பது என்று காட்டும் பதிவேடாக இருந்ததையும் இங்கு ஒப்புநோக்கலாம்.

விடுதலைக்குப் பின், அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் குடிமக்கள் அனைவர்க்கும் வழங்கியது. இதழ்களுக்கெனத் தனி உரிமை கூறப்படவில்லை. குடிமகனின் உரிமையே செய்தியாளரின் உரிமை. 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இதழ் சென்னை மாநிலத்திற்குள் நுழைய அரசு விதித்த தடையை, 1950இல் உச்சநீதிமன்றம் இவ்வுரிமையின் அடிப்படையிலேயே நீக்கியது. அடுத்த ஆண்டே பொது ஒழுங்கு உள்ளிட்ட காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க இடந்தரும் வகையில் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. அமெரிக்காவின் முதல் திருத்தம் கட்டுப்பாட்டைத் தடுத்தது. இந்தியாவின் முதல் திருத்தம் கட்டுப்பாட்டிற்கு இடமளித்தது.

இரு நாட்டு இதழியல் முறைகள் ஒரே செய்தியில் சந்தித்த நிகழ்ச்சியும் உண்டு. இந்தியப் படைக்குப் பீரங்கி விற்ற போபர்ஸ் நிறுவனம் கையூட்டு அளித்தது என்னும் செய்தியை 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி முதலில் ஒலிபரப்பியது. தொடர்ந்து சித்ரா சுப்ரமணியம் சுவீடனில் ஆவணங்களைத் திரட்டினார். சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' அவற்றை வெளியிட்டது. ஆவணங்களைத் தந்தவர் யார் என்பது இருபத்தைந்து ஆண்டுகள் வெளிவரவில்லை. அவ்வழக்கை விசாரித்த சுவீடன் காவல்துறைத் தலைமை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம், 2012இல் தாமே முன்வந்து தம் பெயரைக் கூறினார்.

செய்தி தந்தவரின் பெயரைக் காக்கும் உரிமையைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டம் சிறிதளவே இடந்தருகிறது. 1978ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், அம்மன்றத்தின் விசாரணையில் பெயரைக் கூறுமாறு செய்தியாளரை வற்புறுத்தலாகாது என்கிறது. நீதிமன்றத்தில் இவ்விலக்கு செல்லாது. 1923ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதற்கு எதிர்த்திசையில், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அலுவலகக் கோப்புகளைக் குடிமக்களுக்குத் திறந்துவிட்டது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையில்தான் இந்தியச் செய்தியாளர் பணியாற்றுகிறார்.

இவையெல்லாம் தலைநகரச் செய்தியாளரைப் பற்றியவை. வட்டத் தலைநகரில் பணியாற்றும் பகுதிநேரச் செய்தியாளரின் நிலை வேறு. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் ஊதியத்தையும் பணிநேரத்தையும் முறைப்படுத்தியது. எனினும் அதன் பயன் பெரும்பாலும் இவரை எட்டவில்லை. அச்சேறும் செய்திக்கு ஒரு சிறு தொகை, பெற்றுத்தரும் விளம்பரத்திற்கு ஒரு பங்கு என்பதே பலருக்கும் வருவாய். ஏரிக்கரையில் மணல் அள்ளப்படுவதைப் பற்றி ஒன்றியத் தலைவரிடம் வினவ வேண்டியவரும், பொங்கல் வாழ்த்து விளம்பரத்திற்காக அதே தலைவரின் வீட்டு வாயிலில் காத்திருக்க வேண்டியவரும் ஒருவரே. காலையில் கேட்ட வினா மாலையில் விளம்பரத்தை இழக்கச் செய்யும் என்பதை அவர் நன்கறிவார். சில ஊர்களில் அவர் அவ்வினாவைக் கேட்கத்தான் செய்கிறார்.